நாற்பத்தெட்டு விநாடி

அனுசுயாவுக்குக் கேட்பதுதான் உத்தியோகம். திருச்சி தில்லைநகரில், கீழே ஜவுளிக்கடையும் முதல் மாடியில் பல் டாக்டரும் இருக்கும் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவளுடைய ஆபீஸ். ஆஸ்திரேலியாவில் ஆஸ்பத்திரிக்குப் போக நாள் கேட்டு போன் பண்ணுகிறவர்களுக்கு இங்கே உட்கார்ந்துகொண்டு பதில் சொல்வார்கள். அந்தப் பேச்செல்லாம் பதிவாகும். அதில் சிலவற்றை எடுத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டு, பேசியவர் ஒழுங்காகப் பேசினாரா என்று மார்க் போடுவது அவள் வேலை. பத்து வருஷமாக அதையே செய்கிறாள்.

காலை ஆறு மணிக்கு ஷிப்ட். விடியுமுன் ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் வேன் வந்து நிற்கும். மூன்று மணிக்கு வேலை முடிந்தால் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பஸ் பிடித்துக் காவிரியைத் தாண்டுவாள். மாடியில் ஒற்றை அறை. ஒரு நாளைக்கு முப்பது பேருடைய குரலைக் கேட்கிறவளிடம் பேச வரும் குரல் இரண்டே இரண்டு. "உள்ள போங்க, உள்ள போங்க" என்கிற கண்டக்டர் ஒருவர். "மோட்டாரை நிறுத்திட்டேளா?" என்று கீழிருந்து கேட்கும் வீட்டுக்கார மாமி இன்னொருவர். மற்றபடி மாலை முழுக்க அவளும் மின்விசிறியும்தான்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. சொந்த ஊர் துறையூருக்கு மேலே பச்சைமலை. அப்பா காத்தமுத்து மலையில் மரவள்ளி போட்டவர். அவர் எதற்கும் உடனே பதில் சொல்லமாட்டார். கேள்வியை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் எங்கேயோ பார்த்துவிட்டு, பிறகுதான் வாயைத் திறப்பார். அவர்கள் வீட்டில் எல்லோருமே அப்படித்தான். படக்கென்று பதில் சொன்னால், "யோசிக்காம பேசுது பாரு" என்பார்கள். அனுசுயாவுக்குப் பத்து வயதிருக்கும்போது, ஏதோ ஒரு சான்றிதழுக்காக அப்பா அவளையும் கூட்டிக்கொண்டு கீழே ஓர் ஆபீசுக்குப் போனார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கேள்வி கேட்டார். அப்பா யோசித்தார். "காது கேக்காதாய்யா உனக்கு?" என்று அந்த ஆள் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அப்பா ஒன்றும் பேசவில்லை. அது யோசிக்கிற மௌனமில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

அதன்பிறகு உண்டு உறைவிடப் பள்ளி, கல்லூரி, திருச்சி. கீழே வந்ததும் அவள் கற்றுக்கொண்ட முதல் பாடம் உடனே பதில் சொல்வது. நன்றாகவே கற்றுக்கொண்டாள். ஒரே ஒரு தடவைதான் பழைய பழக்கம் அவளை மீறிக்கொண்டு வந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று, சாதிச் சான்றிதழைப் புரட்டிய அதிகாரி அதில் 'மலையாளி' என்றிருப்பதைப் பார்த்து, "ஓ, கேரளாவா நீங்க?" என்று கேட்டார். மலையாளி என்பது பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் இருக்கிற தன் சனத்தின் பெயர், பேசுவது தமிழ், கேரளத்தைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை என்று எங்கிருந்து ஆரம்பிப்பது என அவள் யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் அவர் அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஆபீஸ் முழுக்க அவள் 'சேச்சி'. ஓணம் வந்தால் வரவேற்பு மேஜைக்கு முன்னால் பூக்கோலம் போடும் பொறுப்பு அவளுடையது. முதல் வருஷம் போனில் வீடியோ பார்த்துப் போட்டாள். ஸ்ரீரங்கத்து அறையும் அப்படித்தான் கிடைத்தது. "மலையாளியா? நாயரா?" என்று மாமி கேட்டதற்கு அவள் சும்மா நின்றாள். மாமி சாவியைக் கொடுத்துவிட்டார்.

அந்த ஆபீசில் அவளுக்கு என்று இருந்தது ஒரே ஒரு ஆள், ரோசரி.

ரோசரிக்கு அவளைவிடப் பன்னிரண்டு வயது கூட. பொன்மலைக்காரி. கணவர் ரயில்வே பணிமனையில் இருந்து இறந்துபோனவர். பெண் பிரான்சி பெங்களூரில். ரயில்வே காலனியில் வளர்ந்ததால் ரோசரியின் இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி ஓடும். போனில் பேசுகிற பிரிவில் இருந்தாள். மதியம் இருவரும் ஜன்னலோர மேஜையில் டப்பாவைத் திறப்பார்கள். ரோசரி மீன்குழம்பு கொண்டுவருவாள். அனுசுயா ஊரிலிருந்து தம்பி கொடுத்தனுப்பும் மரவள்ளியை, அந்தக் குச்சிக்கிழங்கை, அவித்துக் கொண்டுவருவாள். "உங்க கேரளாக் கப்பைக்கும் எங்க மீனுக்கும் அப்படி ஒரு பொருத்தம்" என்று ரோசரி சொல்லுவாள். அனுசுயா சிரித்துக்கொள்வாள். மூன்று வருஷம் இப்படியே போனது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அனுசுயா கேட்க வேண்டிய பட்டியலில் ரோசரியின் அழைப்பு ஒன்று வந்தது.

எங்கோ உள்நாட்டுப் பாலைவனப் பகுதியிலிருந்து ஒரு வயதான பூர்வகுடிப் பெண். சிறுநீரகச் சிகிச்சைக்கு நகரத்துக்கு வர வேண்டியவள். "வியாழக்கிழமை வர முடியுமா?" என்று ரோசரி கேட்கிறாள். எதிர்முனையில் பேச்சில்லை. லேசாகக் காற்றுச் சத்தம், தூரத்தில் நாய் குரைப்பு. ரோசரி அவசரப்படுத்தவில்லை. நாற்பத்தெட்டு விநாடி கழித்து அந்தப் பெண், "என் தங்கை போய்விட்டாள். நான் சனங்களோடு இருக்க வேண்டும்" என்கிறாள். "சரி ஆன்ட்டி. நீங்க இருங்க. எப்ப வர முடியுமோ அப்பக் கூப்பிடுங்க, நான் பாத்துக்கறேன்" என்ற பொருளில் ரோசரி ஆங்கிலத்தில் சொல்கிறாள்.

கம்பெனி விதிப்படி பத்து விநாடிக்கு மேல் மௌனம் கூடாது. கூப்பிடுகிறவரைப் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும், உறவு கொண்டாடக் கூடாது. இரண்டும் பெரிய பிழைகள். அனுசுயா கொஞ்சம் தயங்கினாள். ஆனால் அதற்கு முன்தினம்தான் மேனேஜர் மார்ட்டின், "தெரிஞ்சவங்கன்னு மார்க் போடுறதா ஒரு பேச்சு இருக்கு" என்று பொதுவாகச் சொல்லியிருந்தார். அவள் பூஜ்யம் போட்டாள். கீழே குறிப்பும் எழுதினாள்: "நாற்பத்தெட்டு விநாடி மௌனம். 'ஆன்ட்டி' என்று அழைப்பதைத் தயவுசெய்து தவிர்க்கவும்."

ரோசரிக்கு அந்த மாதத்தில் அது மூன்றாவது குறை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மார்க் போட்டவர் பெயர் தாளில் இருக்காது. கடைசி நாள் ரோசரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். அனுசுயாவிடம் வந்து, "போன் பண்ணு அனு" என்றாள். அனுசுயா பண்ணவில்லை. எந்த முகத்தோடு பண்ணுவது என்று தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்டது மாதமாகி, வருஷமாகி, பிறகு பண்ணவே முடியாது என்றாகிவிட்டது. ஜன்னலோர மேஜையில் அவள் தனியாகச் சாப்பிட்டாள்.

இந்த வருஷம் ஜூலை மாதம் ஆஸ்திரேலியக் கம்பெனி ஒரு புது உத்தரவு போட்டது. தங்களுக்காக வேலை பார்க்கும் ஒவ்வொரு குழுவும் அந்நாட்டுப் பூர்வகுடி மக்களோடு எப்படிப் பழகுவது என்று பயிற்சி எடுத்தாக வேண்டும். ஒரு நாள் முழுக்க. கூட்ட அறையில் பெரிய திரையைக் கட்டினார்கள். சமோசா வந்தது. "இதையும் பாஸ் பண்ணணுமா?" என்று பையன்கள் முனகினார்கள்.

திரையில் வந்தவர் பூர்வகுடிப் பெண்மணி. பெயர் ஜூன். நரைத்த தலை, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. முதலில், தான் உட்கார்ந்திருக்கும் நிலம் யாருடையது என்று சொல்லி அந்த மக்களுக்கு மரியாதை செலுத்தினார். பிறகு பேச ஆரம்பித்தார். ஆங்கிலம்தான், ஆனால் அவசரமில்லாத ஆங்கிலம்.

"எங்களில் பலர் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வோம். லைன் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். கேள்வி புரியவில்லை என்றும் நினைக்காதீர்கள். நாங்கள் யோசிக்கிறோம். நீங்கள் அந்த இடத்தை நிரப்பினால், எங்கள் பதிலை நீங்களே எடுத்துக்கொண்ட மாதிரி."

அனுசுயா பேனாவைக் கீழே வைத்தாள்.

"பெரியவர்களை நாங்கள் ஆன்ட்டி, அங்கிள் என்போம். அது மரியாதை. வெளியாளாக இருந்தால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். துக்கம் நடந்தால் எங்களுக்கு ஆஸ்பத்திரியைவிட அதுதான் முக்கியம். அதற்காக எங்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று எழுதிவிடாதீர்கள்."

அறையில் யாரோ சமோசா பொட்டலத்தைப் பிரித்தார்கள். அனுசுயாவுக்கு அந்தக் காற்றுச் சத்தமும் நாய் குரைப்பும் காதில் கேட்டன. ஒரு பக்கம் ரோசரி. இன்னொரு பக்கம், மேஜை முன்னால் நின்ற அப்பா. இரண்டு பேருக்கும் நடுவில், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து மார்க் போட்டுக்கொண்டிருப்பவள் தானேதான் என்று அவளுக்குத் தோன்றியது.

சாப்பாட்டுக்கு முன்னால் ஜூன் ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் ஊர்ப்பக்கத்தில் பூர்வகுடி மக்கள் யார்? சொல்லுங்கள்."

குழுத் தலைவர் அன்புச்செல்வன் மைக்கை எடுத்தான். "எங்க ஊர்ல அப்படி யாரும் இல்ல மேடம். நாங்க எல்லாம் ஒண்ணுதான்" என்றான் இங்கிலீஷில். அவன் கெட்டவனில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான்.

ஜூன் தலையாட்டினார். "வேறு யாராவது?"

அனுசுயா கையைத் தூக்கினாள். மைக் அவள் கைக்கு வந்தது. பேச்சு வரவில்லை. ஐந்து விநாடி, பத்து விநாடி. முன்வரிசையில் திரும்பிப் பார்த்தார்கள். மார்ட்டின் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஓகே, லஞ்சுக்கு அப்புறம் பாக்கலாமா?" என்று எழுந்தார். திரையில் ஜூன் லேசாகக் கையை உயர்த்தினார். "இருங்கள். அவர் யோசிக்கிறார்."

திருச்சிக்கு வந்த இத்தனை வருஷத்தில் அவளுக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை.

"இருக்காங்க" என்று தமிழில்தான் ஆரம்பித்தாள். பிறகு ஆங்கிலத்துக்கு மாறினாள். "இங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். பச்சைமலை. நான் அந்த மலைக்காரி. மலையாளி என்றால் மலைச் சனம். நான் கேரளா இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை."

ஜூன், "நன்றி, அனுசுயா" என்று மட்டும் சொன்னார். திரை அணைந்தது. சாப்பிடப் போனார்கள்.

ஏதோ ஒரு கதவு திறக்கும் என்று அவள் நினைத்திருக்கலாம். அப்படி நடக்கவில்லை. மறுநாளே ஆபீசில் எல்லோரும் அவளிடம் ஜாக்கிரதையானார்கள். 'சேச்சி' என்று கூப்பிட வாய் எடுத்து, பாதியில் விழுங்கி, என்ன சொல்வது என்று தெரியாமல் "மேடம்" என்றார்கள். அவள் மேஜைப் பக்கம் வந்தால் பேச்சு அறுந்தது. ஒருத்தன் மட்டும், "கோட்டாவுல வந்தவங்களா?" என்று இன்னொருவனிடம் கேட்டது, பதிவில்லாமலே அவள் காதில் விழுந்தது. இந்தத் தனியார் கம்பெனியில் கோட்டாவே இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

மனிதவளப் பிரிவுப் பெண் கனிஷ்கா உண்மையான சந்தோஷத்தோடு ஓடி வந்தாள். "ஆகஸ்ட்ல உலகப் பழங்குடிகள் தினம் வருது மேடம். நீங்க உங்க டிரெடிஷனல் டிரஸ்ல வந்து ஒரு டான்ஸ் பண்ணா சூப்பரா இருக்கும். போஸ்டர்கூட ரெடி பண்ணிட்டேன்."

"நாங்க கட்டுறதும் புடவைதான் கனிஷ்கா. எனக்கு டான்ஸ் வராது."

"ஓ" என்றாள் கனிஷ்கா. பாவம், அவள் முகம் விழுந்துவிட்டது. அதற்காகவும் அனுசுயா சங்கடப்பட்டாள்.

அந்த வாரமே அவள் பழைய பதிவைத் தேடி எடுத்தாள். மூன்று தடவை கேட்டாள். பிறகு மார்ட்டினுக்கு எழுதினாள். இந்த அழைப்புக்கு நான் போட்ட மார்க் தவறு, திருத்த வேண்டும், ரோசரியைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று. மார்ட்டின் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"கேட்டேங்க. அருமையான கால். மார்க்க மாத்திடலாம். ஆனா அவங்க போய் ரெண்டு வருஷமாச்சு. அந்த சீட்டே இப்ப இல்லியே."

"அவங்ககிட்டச் சொல்லவாவது வேணாமா சார்?"

"ஆபீஷியலா எப்படிங்க சொல்றது?" என்று அவர் நெற்றியைத் தேய்த்தார். "ஒண்ணு செய்றேன். புதுசா சேர்றவங்களுக்கு இத ஒரு முன்மாதிரி கால்னு போட்டுக் காட்டலாம். ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பி வைக்கிறேன்."

அவர் சொன்னபடியே செய்தார். எந்த அழைப்புக்காக ரோசரி வெளியே போனாளோ, அதே அழைப்பைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் போட்டு, "இப்படித்தான் காத்திருக்கணும்" என்று காட்டினார்கள். பேசியவர் பெயரைச் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே நின்று ரோசரியின் குரலைக் கேட்ட அன்றைக்குத்தான், இனியும் தள்ளிப்போட முடியாது என்று அனுசுயாவுக்கு ஆனது.

ஞாயிற்றுக்கிழமை பொன்மலைக்குப் போனாள். சந்தைக் கூட்டம். காய்கறிக் கூறுகளுக்கும் கோழிக் கூடைகளுக்கும் நடுவே புகுந்து, கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தாள். ரோசரி கதவைத் திறந்தாள். தலைமுடி நிறைய நரைத்திருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"யாரு... அனுவா? வா, உள்ள வா."

காபி கொடுத்தாள். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுப்பதாகச் சொன்னாள். பிரான்சிக்குக் கல்யாணமாகிவிட்டது. அந்தச் செய்தியே அனுசுயாவுக்குப் புதிது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அக்கா, கடைசியா உங்களுக்கு பூஜ்யம் போட்டாங்கல்ல. அது நான்தான்க்கா."

"தெரியும்" என்றாள் ரோசரி.

அனுசுயா நிமிர்ந்து பார்த்தாள்.

"வேலைய விட்டுத் தூக்குற தாள்ல 'தயவுசெய்து தவிர்க்கவும்'னு அவ்வளவு மரியாதையா உன்னத் தவிர யாரு எழுதுவா? அன்னைக்கே தெரியும். ஒரு வாரம் கோவமா இருந்துச்சு. அப்புறம், அவ வேலைய அவ செஞ்சா, விதி அப்படின்னு விட்டுட்டேன். நீ போன் பண்ணுவன்னு பாத்தேன். அதுதான் பண்ணல."

பயிற்சியைப் பற்றி அனுசுயா சொன்னாள். அந்த அழைப்பை இப்போது பாடமாக வைத்திருப்பதைச் சொன்னபோது ரோசரி வாய்விட்டுச் சிரித்தாள். "நல்லா இருக்குடி கதை. எனக்கு அந்த ரூல் ரெகுலேஷன்லாம் தோணல அனு. வீட்டுக்காரர் போனப்ப ஒவ்வொருத்தரா வந்து என்கிட்டப் பேசு பேசுன்னாங்க. பேச முடியல. அதான் அந்தம்மாவ அவங்க போக்குல விட்டுட்டேன்."

பிறகு அனுசுயா தன்னைப் பற்றியும் சொன்னாள். பச்சைமலை, அப்பா, சான்றிதழைப் பார்த்துக் கேட்ட கேள்வி, சொல்லாமல் விட்ட பதில், எல்லாம்.

ரோசரியின் சிரிப்பு மெல்ல நின்றது. "அப்ப அந்தக் கிழங்கு?"

"எங்க மலைக் கிழங்குக்கா."

"மூணு வருஷம் உக்காந்து கேரளாக் கப்பை, கேரளாக் கப்பைன்னு சொல்லிக்கிட்டிருந்திருக்கேன். நீயும் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்க." அவள் குரல் உயரவில்லை. "ஆபீஸ்ல சொல்லல, சரி. அங்க இருக்கறவங்க அப்படி. என்கிட்டச் சொன்னா நான் என்ன பண்ணிருப்பேன்? ஒரே டப்பாவுலதானே கை வச்சோம்?"

"பழகிப்போச்சுக்கா. அப்புறம் சொல்ல வழியில்ல."

"மார்க் போட்டது உன் வேலை. இது வேலை இல்லியே அனு."

இதற்கு யோசித்தாலும் பதில் வராது என்று அனுசுயாவுக்குத் தெரிந்தது. வாசலில் டியூஷன் பிள்ளைகள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ரோசரி எழுந்தாள். "சரி, பாத்துப் போ. சந்தைக் கூட்டத்துல பைய முன்னாடி வச்சுக்க." இன்னொரு நாள் வா என்று சொல்லவில்லை.

அன்றைக்குச் சத்திரம் வரை நின்றுகொண்டே வந்தாள். மறு பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. அறைக்குப் போய் விளக்குப் போடாமல் படுத்தாள். மன்னிப்புக் கேட்கப் போய், கேட்க வேண்டியது வேறு ஏதோ என்று தெரிந்துகொண்டு வந்திருந்தாள். இத்தனை வருஷமும் தன்னை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தவளுக்கு, ஒருத்தி சேர்த்துக்கொண்டுதான் இருந்தாள், உள்ளே விடாமல் நின்றது தான்தான் என்பது ஜீரணமாகச் சில நாட்கள் பிடித்தன. யாரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்ளவும் முடியவில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் பொன்மலையில் இருந்தாள்.

ஆபீசில் விதி மாறியது. மௌனத்துக்கு மார்க் குறைப்பதை எடுத்துவிட்டார்கள். அனுசுயா வழக்கம்போல வேலைக்குப் போனாள், கேட்டாள், வந்தாள். மாமியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேறு அறை தேட வேண்டியிருக்குமோ, இல்லையோ, தெரியாது. வாரம் ஒரு முறை ரோசரிக்கு போன் செய்தாள். சில வாரம் எடுத்தாள். சில வாரம் எடுக்கவில்லை. எடுத்தால் மழை, பிரான்சி, மாத்திரை என்று இரண்டு நிமிஷம். கிழங்கைப் பற்றி இருவரும் பேசவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் ரோசரியே கூப்பிட்டாள். கண்ணில் புரை முற்றிவிட்டது, வெள்ளிக்கிழமை ஆபரேஷன், பிரான்சிக்கு நிறைமாதம், வர முடியாது. "கூட ஒரு ஆள் இருக்கணுங்கறாங்க. உனக்கு லீவு கிடைக்குமா?"

"கிடைக்கும்க்கா" என்றாள் அனுசுயா, உடனே.

ஆஸ்பத்திரியில் ரோசரிக்குக் கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். கண்ணை மூடியபடி அனுசுயாவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் படிவத்தோடு வந்தாள்.

"கூட வந்தவங்க என்ன உறவு வேணும்?"

அனுசுயா ரோசரியைப் பார்த்தாள். ரோசரி கண்ணைத் திறக்கவில்லை.

"ஆபீஸ்ல ஒண்ணா வேலை பாத்தோம்" என்றாள். பிறகு, "பேரு அனுசுயா. பச்சைமலை" என்று சேர்த்துச் சொன்னாள்.

நர்ஸ் முதலாவதை எழுதிக்கொண்டு, இரண்டாவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லாததால் விட்டுவிட்டு, ரோசரியை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அனுசுயா ரோசரியின் செருப்பையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்து வைத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரமாகும் என்றார்கள்.